கடதாசிக் குடும்பம்

2015ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் மிக உயர்ந்த விருதான தங்கப் பனை 'தீபன்' என்ற படத்துக்குக் கிடைத்தது. இயக்கியவர் ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சுக்காரர். ஆனால் படத்தில் பெரும்பாலும் பேசப்படுவது தமிழ். தீபனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த அன்ரனிதாசன் யேசுதாசன். ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதுபவர். இளம் வயதில் இயக்கத்தில் இருந்து, பின் வெளியேறி, தாய்லாந்து வழியாக 1993இல் பிரான்சை அடைந்து, கூலி வேலைகள் செய்து பிழைத்தவர். நடிப்பு அவரது தொழிலல்ல. முகத்தில் தெரியும் களைப்பு உண்மையானது என்றே எமக்குத் தோன்றுகிறது.

கதை இதுதான். யுத்தத்தின் முடிவில், மனைவி பிள்ளைகளை இழந்த போராளி ஒருவன் சீருடையைத் தீயில் போடுகிறான். அகதி முகாமில் யாழினி என்ற பெண், தாயில்லாத பிள்ளை ஒன்றைத் தேடி அலைகிறாள். குடும்பமாகப் போனால் வழி திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது வயது இளையாள் கிடைக்கிறாள். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் இந்த மூவரும் கணவன், மனைவி, மகள் ஆகிறார்கள். இரத்த உறவு ஒரு துளியும் இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு காலம் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990களில் காலி வீதியின் இரு பக்க ஒழுங்கைகளிலும் லொட்ஜுகளும் வாடகை அறைகளும் வடக்கிலிருந்து வந்தவர்களால் நிரம்பின. தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு வந்தவர்கள், ஏஜென்சிக்காரனின் சொல்லையும் வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பையும் எதிர்பார்த்து மாதக்கணக்கில் இருந்தார்கள். யார் யாருக்கு என்ன முறை, எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். பதிந்த கடதாசி இல்லாவிட்டால் தெருவில் இறங்கப் பயம். கடதாசி இருந்தும் பயன் இல்லாத நாளும் வந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த அறைகளில் இருந்து ஒருவழியாகப் புறப்பட்டுப் போனவர்கள் பின்னர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத்தான் 'தீபன்' காட்டுகிறது.

போய்ச் சேரும் இடம் பாரிஸ் கோபுரமும் பூந்தோட்டமும் அல்ல. நகருக்கு வெளியே, வேலையற்ற இளைஞர்கள் போதைப்பொருள் விற்கும் தொடர்மாடிக் குடியிருப்பு. தீபனுக்கு அங்கே காவலாளி வேலை. படிக்கட்டைக் கழுவுகிறான், தபால்களைப் பிரித்துப் போடுகிறான், பழுதானவற்றைத் திருத்துகிறான். மொழி தெரியாதவனின் கைகள் மட்டும் பேசும் இந்தக் காட்சிகளே படத்தில் மிகச் சிறந்தவை. மண்வெட்டி பிடித்த எமது வாசகர்கள் இவற்றை உடனே விளங்கிக்கொள்வர். யாழினி ஒரு முதியவருக்குச் சமைத்துத் துப்புரவு செய்யப் போகிறாள். மாதம் 500 யூரோ என்று கேட்டதும் அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அந்த வீட்டிலேயே போதைக் கும்பலின் தலைவனும் இருக்கிறான் என்பது பிறகு வரும் பிரச்சினை.

விசுவாசம் எது என்பதை இந்தப் படம் நேராகவே கேட்கிறது. துப்பாக்கிச் சூடு தொடங்கியதும் யாழினி இங்கிலாந்தில் உள்ள உறவினரிடம் போய்விடப் புறப்படுகிறாள். தீபன் புகையிரத நிலையம் வரை சென்று மறிக்கிறான். அவளைக் குற்றம் சொல்ல எம்மால் முடியவில்லை. அவள் யாருக்கும் தாலி கட்டிய மனைவியல்ல, பெற்ற தாயும் அல்ல. மறுபுறம், பழைய தளபதி ஒருவர் ஆயுதம் வாங்கப் பணம் சேர்க்கச் சொல்லி தீபனை அழைக்கிறார். தனக்கு யுத்தம் முடிந்துவிட்டது என்று மறுத்து அடி வாங்குகிறான். பழைய விசுவாசத்தை மறுத்தவன், கடதாசியில் மட்டும் இருந்த ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொள்கிறான்.

இறுதிப் பகுதி எமக்கு உவப்பாக இல்லை. தீபன் மீண்டும் கத்தி தூக்கி, புகைக்குள்ளால் படியேறிச் சென்று யாழினியை மீட்பது வழக்கமான சண்டைப் படத்தின் முடிவு. அதன் பின் வரும் இங்கிலாந்துப் புல்வெளியும் கைக்குழந்தையும் கனவு போல இருக்கின்றன. வன்முறை அதிகம். சிறுவர்களுடன் இருந்து பார்க்கத் தக்க படமல்ல.

எனினும் நலன்புரி முகாம்களில் இருந்து திரும்பிய எமது குடும்பங்களை எண்ணிப் பார்க்கிறோம். அக்காவின் பிள்ளைகளைத் தன் அட்டையில் பதிந்து வளர்க்கும் சித்தி, பேரப்பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்ட அப்பப்பா, யாரோ பெற்ற பிள்ளையைப் பங்கரிலிருந்து தூக்கி வந்த அயலவர். காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் தொலைந்த பிறகு, கிராம சேவகரிடம் இவர்கள் என்ன முறை சொல்லிப் பதிவது? எத்தனை பேருக்கு இது இன்னும் தீராத வழக்கு!

படத்தில் ஒரு சிறிய இடம் உண்டு. பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மார் பிள்ளைகளை முத்தமிட்டு அனுப்புகிறார்கள். யாழினி சும்மா நிற்கிறாள். அவளுக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லை, விருப்பமும் இல்லை. உனக்குச் சகோதரங்கள் இருந்தார்களா என்று இளையாள் கேட்கிறாள். இருந்தார்கள் என்றதும், அப்படியென்றால் அவர்களோடு இருந்தது போல என்னோடும் இரு என்கிறாள்.