ஊருக்குப் போக எந்த மாதம் நல்லது?



செலாயாங்கில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டி இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகன் ராவாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். பேரப்பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். தம் தகப்பனார் பிறந்த தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் இருக்கிறது. எப்போது போகலாம் என்று கேட்டால், "பிள்ளைகளுக்குப் பெரிய லீவு விடட்டும், அம்மா" என்கிறார் மகன். பல வீடுகளில் முடிவு இப்படித்தான் ஆகிறது. இது சரிதானா என்று இன்று சற்று ஆராய்வோம்.

முன்பு ஊருக்குப் போனவர்கள் கப்பலில் போனார்கள். 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலிலும், அதன்பின் எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் போனவர்கள் மாதக்கணக்கில் ஊரில் தங்கினார்கள். மழையாக இருந்தால் வெயில் வரும் வரையில் காத்திருந்தார்கள். இன்று விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடலாம். ஆனால் தங்கப்போவது இரண்டு வாரந்தான். அந்த இரண்டு வாரமும் மழையில் போனால், சேர்த்த பணமும் மழையோடு போனதாகத்தானே பொருள்?

நம் செலாயாங்கில் எந்த மாதமானாலும் பகலில் 32, 33 டிகிரி வெப்பம். மாலையில் ஒரு மழை பெய்தால் குளிர்ந்துவிடும். தமிழ்நாடு அப்படியல்ல. அங்கே காலங்கள் தனித்தனியாக வருகின்றன.

முதலில் கோடையைப் பார்ப்போம். மே மாதத்தில் அக்கினி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயில். திருச்சி, மதுரை, வேலூர் ஆகிய இடங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சென்னையில் 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரி வரை ஏறியது. இரவிலும் வீட்டுச் சுவர் அனலாக இருக்கும். தஞ்சை வயல்களோ காய்ந்து வெடித்துக் கிடக்கும். நம் பள்ளிகளின் நடுவாண்டு விடுமுறை மே கடைசியில் வருகிறது. இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ள பெரியவர்களை அந்த வெயிலுக்கு அழைத்துப் போவது நல்லதல்ல.

அடுத்தது மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. அக்டோபர் நடுவில் காற்று திசை மாறி, வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. இங்கே கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வெள்ளத்தைக் கொண்டுவருவதும் வடகிழக்குப் பருவக்காற்றேதான்.

புயல்களும் அப்போதுதான் வரும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். 2026 முதல் பள்ளியாண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், நம் பெரிய லீவும் டிசம்பரில்தான் வருகிறது. கவனித்தீர்களா?

இனி நல்ல காலம் எது? தையும் மாசியும். அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிராது. அதிகாலையில் ஒரு சால்வை போதும். தஞ்சைப் பக்கம் சம்பா அறுவடை நடக்கும். தை பிறந்தால் கல்யாணங்களும் நடக்கும். உறவினரை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

வேலைக்கும் இது ஒத்துவருகிறது. பிப்ரவரி முதல் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது, பால் குறைகிறது. செம்பனையிலும் ஆண்டின் முதல் மாதங்களில் குலை வரத்து பொதுவாகக் குறைவு. வரத்து மிகுந்த ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் லீவு எடுத்தால் இழக்கும் சம்பளம் அதிகம். பிப்ரவரியில் எடுத்தால் குறைவு. பத்துமலையில் தைப்பூசத்தைக் கண்டுவிட்டு அந்த வாரமே புறப்படலாம்.

"பிள்ளைகளின் படிப்பு என்னாவது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாட்டியோடு மகனோ மருமகளோ ஒருவர் மட்டும் மாசியில் போய்வருவது. மற்றவர் பிள்ளைகளோடு இருக்கலாம்; செலவும் குறையும். மற்றொன்று, எல்லோரும் போயே ஆகவேண்டுமென்றால், லீவின் முற்பகுதியை விட்டு, டிசம்பர் கடைசி வாரத்தில் போவது. மழை அநேகமாகக் குறைந்திருக்கும்; ஆனாலும் முழுதும் நம்ப முடியாது. ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாட்களைச் சும்மா விட்டுவையுங்கள். வானிலைச் செய்தியைத் தினமும் கேளுங்கள்.

இன்னொரு செய்தி. இந்திய ரயிலில் இப்போது பொதுவாக 60 நாட்களுக்கு முன்னால்தான் இடம் பதிவு செய்யலாம். தீபாவளி, பொங்கல் நாட்களில் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். பொங்கல் கூட்டம் திரும்பிய பிறகு போனால் இந்தத் தொல்லை இராது.

ஆகவே டிக்கெட் வாங்குமுன், ஒரு நாட்காட்டியை மேசைமேல் வைத்துக் குடும்பத்தோடு உட்காருங்கள். அங்குள்ள மழை வெயிலை ஒரு நிறத்திலும், தோட்டத்து வேலையை ஒரு நிறத்திலும், பள்ளி விடுமுறையை ஒரு நிறத்திலும் குறியுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால், யாருக்காகப் போகிறோமோ அவருடைய உடல் தாங்கும் மாதத்தையே தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்கு இன்னும் எத்தனையோ விடுமுறைகள் வரும். பாட்டிக்கு அடுத்த ஆண்டு என்பது நம் கையில் இல்லை.