கல்லுப்பட்டிக்குள் ‘கல’ இருக்கிறதா?

கல்லுப்பட்டி என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. இன்று பெரும்பாலும் புழங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அதை எழுதி, சி மொழியில் நீளம் கேட்டால் 36 என்று வரும். க, ல, புள்ளி, ல, உகரக்குறி, ப, புள்ளி, ப, ட, புள்ளி, ட, இகரக்குறி எனப் பன்னிரண்டு குறிகள். குறிக்கு மூன்று பைட். மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியைச் சி மொழி இப்படித்தான் அறியும்.

ஒரு சரத்துக்குள், அதாவது எழுத்துத் தொடருக்குள், இன்னொன்றைத் தேட அந்த மொழியில் ‘எஸ்டிஆர்எஸ்டிஆர்’ என்ற ஃபங்ஷன் உண்டு. ‘பட்டி’ எங்கே என்று கேளுங்கள். ஆறாவது குறியிலேயே ஒரு ப கிடைக்கும். ஆனால் அதன்பின் வருவது ட அல்ல, புள்ளி. அதை விட்டு நகர்ந்து எட்டாவது குறியில் முழுதாகப் பொருந்தும். முன்னே ஏழு குறிகள் கழிந்ததால், தொடக்கத்திலிருந்து 21 பைட் தள்ளிய இடத்தைச் சுட்டும். கிடைக்காவிட்டால் ‘நல்’, அதாவது எதையும் சுட்டாது.

இதில் என்னை வியக்க வைப்பது ஒன்று. சி மொழியின் தரம் 1989இல் வந்தது. எழுத்துக்குறிகளுக்கு எண் தரும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல். தமிழையே அறியாத ஃபங்ஷன் தமிழில் தடுமாறாமல் தேடுகிறது! காரணம், கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224 என்ற பைட்டில் தொடங்கும். பின்வரும் இரண்டும் 128க்கும் 191க்கும் இடையில்தான் இருக்கும். அதனால் ஒரு குறியின் நடுவில் தேடல் தவறிப் பொருந்தவே முடியாது.

வேகத்துக்கு மட்டும் இது இடைஞ்சல். முதல் பைட்டைப் பார்த்துத் தள்ளும் உத்தி தமிழில் பயன்படாது, எல்லாமே 224. இரண்டாவதும் 174 அல்லது 175தான். குறியின் அடையாளம் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கிறது. தேடும் சொல்லின் கடைசி பைட்டிலிருந்து ஒப்பிடும் பாயர்–மூர் முறை (1977) அந்த மூன்றாவதைத்தான் முதலில் தொடுகிறது.

இனி ‘கல’ என்று தேடுங்கள். கிடைத்துவிட்டது என்கிறது கணினி. அந்தப் பெயரில் ‘ல’ எங்கே? இருப்பது ‘ல்’ அல்லவா? யூனிகோடில் மெய்யெழுத்துக்குத் தனி எண் இல்லை. அகரமேறிய எழுத்தோடு புள்ளி சேர்ந்தே மெய். கணினிக்குப் புள்ளி அடுத்த குறி, அவ்வளவுதான். குறியைப் பிளக்காத தேடல் எழுத்தைப் பிளந்துவிடுகிறது. பொருந்திய இடத்துக்கு அடுத்த மூன்று பைட்டையும் பார்த்து, அங்கே புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தள்ளிவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ‘கொடை’யின் முதலெழுத்தைக் ககரமும் ஒரே ஒகரக்குறியுமாக எழுதலாம்: ஆறு பைட். கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம்: ஒன்பது பைட். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் சமம் என்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தேடினால் சி மொழியோ ‘நல்’ என்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற மின்தொகுப்புகளில் பழந்தமிழ் நூல்களைத் துழாவுவோருக்கு இது சிறு விஷயமல்ல. உள்ள சொல்லை இல்லையென்று நம்பிவிடுவார்கள். எனவே தேடும் சொல்லையும் நூலையும் முதலில் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொண்டு, அதன்பிறகே தேடலைத் தொடங்க வேண்டும்.