கோட்டைக்குள் ஓர் அந்திப்பொழுது

காலிக் கோட்டையைக் கண்ணாற் காணாதவர்கள் நம்மிற் சிலரே இருப்பர். பள்ளிக்கூடப் பிரயாணத்திலோ, கொழும்பிலிருந்து கதிர்காம யாத்திரை செல்லும் வழியிலோ ஒருமுறையேனும் அதன் மதிலில் ஏறி நின்றிருப்பார்கள். ஆயினும், எந்நேரத்தில் பார்த்தீர்கள் என்று வினவினால், பெரும்பாலோர் கூறும் விடை நண்பகல் என்பதாகவே இருக்கும். உச்சி வெயிலில் கருங்கல்லும் பவளக் கல்லும் கொதிக்க, குடைக்குள்ளே தலையை மறைத்துக்கொண்டு, வெளிச்சவீட்டின் முன்னே ஒரு படம் பிடித்துவிட்டு மீண்டும் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். 2011ஆம் ஆண்டில் தெற்கு அதிவேக வீதி காலிவரை திறக்கப்பட்டபின் இந்த அவசரம் இன்னும் கூடிவிட்டது. கொழும்பிற் காலையுணவு, காலியில் மதியவுணவு, அந்திக்கு வீடு என்றாகிவிட்டது.

இந்த அவசரத்துக்கு மாற்றாகவே அந்திநேர நடைச் சுற்றுலா என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. உரோமாபுரி, பினாங்கு போன்ற பழைய நகரங்களிலும் இது உண்டு. வழிகாட்டி ஒருவர் சிறு கூட்டமொன்றை மாலை நான்கரை அல்லது ஐந்து மணிக்குக் கூட்டிக்கொண்டு, வாகனமின்றி நடந்தே நகரைக் காட்டி, இருட்டியபின் ஓரிடத்தில் இராப்போசனத்துக்கு அமரவைப்பார். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் நடப்பது ஏன், அந்தியில் ஏன், உணவு ஏன் என்ற மூன்று வினாக்களுக்கும் காலிக் கோட்டையிலே தக்க விடைகள் உள்ளன.

முதலில் நடையைப் பற்றிச் சொல்கிறேன். கோட்டையின் பரப்பு ஏறத்தாழ 52 ஹெக்டேயர்தான். வாகனத்தில் ஏறினால் வெளிச்சவீடும் மதிலும் தெரியும்; வீதியின் பெயர்ப்பலகை தெரியாது. ஆனால் இந்நகரின் வரலாற்றிற் பெரும்பகுதி பெயர்ப்பலகைகளிலேதான் இருக்கிறது. லெயின் பான் வீதி என்றொரு தெரு உண்டு. ஒல்லாந்த மொழியிற் கயிறு திரிக்கும் நீண்ட களத்துக்கு அப்பெயர். கப்பலுக்கு வேண்டிய கயிற்றை முறுக்க நேரான, நீளமான நிலம் வேண்டும். அதனால் அத்தெருவும் நேராக, நீளமாக ஓடுகிறது. மருத்துவமனை இருந்த தெரு மருத்துவமனை வீதி. சோனகச் சிறு வணிகர் பொருள் விற்ற தெருவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் பெட்லர் வீதி. பரவா வீதி என்ற பெயரையோ தமிழர் எவரும் நின்று வாசிக்காமற் கடத்தல் ஆகாது. எதிர்க்கரையிலே, தூத்துக்குடிப் பக்கத்திலே முத்துக் குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த பரவர் சமூகத்தின் பெயர் அது. தென்னிலங்கைக் கோட்டை ஒன்றின் உட்தெருவில், தமிழ்க் கடலோடிகளின் பெயர் ஒல்லாந்தர் காலத்தையும் ஆங்கிலேயர் காலத்தையும் தாண்டி நிலைத்திருக்கிறது.

நல்ல வழிகாட்டி துறைமுகப் பக்கத்திலுள்ள பழைய வாயிலில்தான் தம் நடையைத் தொடங்குவார். கடிகாரக் கோபுரத்தின் கீழே பஸ்கள் நுழையும் பெரிய வாயில் 1873இல் ஆங்கிலேயர் மதிலை உடைத்துத் திறந்தது. அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பழைய வாயிலின் வெளிப்புறத்திலே பிரித்தானிய முடியின் இலச்சினை இருக்கிறது. உட்புறம் சென்று திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினை: இரு சிங்கங்கள், நடுவே கம்பனியின் முத்திரை எழுத்துகள், 1669 என்ற ஆண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சேவல். சேவல் ஏன்? போர்த்துக்கேய மொழியிற் சேவலுக்குக் 'காலோ' என்று பெயர். ஊரின் பெயரைக் காதாற் கேட்ட அந்நியர் அதைச் சேவலென்று விளங்கிக்கொண்டனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. சிங்களத்திற் பாறையைக் குறிக்கும் 'கல' என்னும் சொல்லிலிருந்தோ, மாட்டுப்பட்டியைக் குறிக்கும் 'கால' என்னும் சொல்லிலிருந்தோ ஊர்ப்பெயர் வந்ததென்பர் வேறு சிலர். எதுவாயினும், கல்லிலே ஏறிவிட்ட சேவலை இனி இறக்க முடியாது.

போர்த்துக்கேயர் 1588இல் இங்கே அரண் அமைத்தனர். 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1663 முதல் இன்று நாம் காணும் பெருமதிலை எழுப்பலாயினர். 1796இல் ஆங்கிலேயர் வந்தபோது சண்டையின்றியே கோட்டை கைமாறியது. இந்த நான்கு ஆண்டுகளையும் வாயிலிலேயே சொல்லி முடித்துவிடும் வழிகாட்டியே கெட்டிக்காரர். ஆண்டுக் கணக்கைக் கேட்டுக்கொண்டே நடப்பவருக்குக் கால் வலிக்குமேயன்றி நகர் தெரியாது.

இனி, அந்தியின் சிறப்பு. நம் தீவு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் ஞாயிறு ஆறு மணிக்குச் சற்று முன்னோ பின்னோ மறைந்துவிடுகிறது. ஆகவே ஐந்து மணிக்குப் புறப்பட்டவர், கிழக்கு மதிலை நிழலிலே நடந்து முடித்து, மேற்கு மதிலை அடையும் வேளையில் சூரியன் கடலிற் படியும். கோட்டையே இந்நடைக்கென்று திட்டமிட்டு அமைக்கப்பட்டது போலிருக்கும். துறைமுகத்தை நோக்கிய கொத்தளங்களைக் கடந்து தென்கிழக்கு மூலைக்கு வந்தால் வெளிச்சவீடு நிற்கும். 1848இல் கட்டப்பட்ட முதல் வெளிச்சவீடு தீக்கிரையானபின், 1939இல் எழுந்தது இப்போதுள்ளது; உயரம் 26.5 மீற்றர். அதன் எதிரே, 1904ஆம் ஆண்டைச் சேர்ந்த மீரான் ஜும்மாப் பள்ளிவாசல். இரு கோபுரங்களுடன் பளிச்சென்ற வெள்ளை முகப்பு. முதன்முறை காண்பவர் தேவாலயம் என்றே நினைப்பர். அண்ணாந்து நோக்கிப் பிறையைக் கண்ட பின்னரே ஐயம் தீரும். நண்பகலில் வருபவர் இக்கட்டடத்தைக் காண்பார். அந்தியில் வருபவர் மஃரிப் தொழுகைக்கான பாங்கொலியைக் கேட்டு, வீடுகளிலிருந்து தொப்பியணிந்த பிள்ளைகளும் முதியோரும் இறங்கி வருவதையும் காண்பார். கோட்டைச் சோனகரின் வீட்டுமொழி வழிவழியாகத் தமிழாக இருந்து வந்துள்ளது. சிங்கள நாட்டின் தென்கோடியிலே, ஒல்லாந்தர் கட்டிய தெருவிலே, திண்ணையில் அமர்ந்து பேசுவோரின் பேச்சு நமக்கு விளங்கும்போது ஏற்படும் வியப்பை எந்தக் கைநூலும் தராது.

கோட்டையில் இல்லாத ஒரு பொருளையும் வழிகாட்டி சொல்லியாக வேண்டும். 1911இல் காலி நகரிலே, வடிகால் ஒன்றின் மூடியாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த கல்லொன்றைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை கொண்டுவந்த கல் அது. அதிற் பொறித்த ஆண்டு 1409. சீன மொழியிலே புத்தருக்கும், தமிழிலே தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்திலே இசுலாமியர் போற்றும் இறைவனுக்கும் காணிக்கை செலுத்தியமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இத்துறையிற் பல மொழியினரும் பல சமயத்தவரும் ஊடாடினர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இக்கல்லைச் சொல்லாமல் ஒல்லாந்தரோடு கதையைத் தொடங்குபவர், நூலின் முதல் ஏடுகளைக் கிழித்துவிட்டு வாசிப்பவராவார்.

தென்முனையிலுள்ள கொடிப்பாறையில் கூட்டம் நெருக்கும். நீரடிப் பாறைகளைக் கப்பல்களுக்குக் கொடிகாட்டி எச்சரித்த இடம் அது. தந்திக் கம்பி வருமுன்னர், காலிக்குக் கப்பலில் வந்த ஐரோப்பியச் செய்திகளைப் புறாக்களின் மூலம் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பிய காலமும் ஒன்றிருந்தது. அங்கிருந்து மேற்கு மதில் வழியே நடந்தால் திரைற்றன் கொத்தளம். முன்னர் அதன்மேல் ஒரு காற்றாலை சுழன்றது; அது இறைத்த கடல்நீரால் நகரின் நிலக்கீழ்ச் சாக்கடைகள் கழுவப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் நம் தீவில் இப்படியோர் ஏற்பாடு இருந்தது என்று கேட்ட மாத்திரத்தில், நடப்பவர்கள் தம் காலடியை நோக்குவார்கள்.

இந்த மதிலின்மேல் நின்று பேசவேண்டிய இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, மதிலுக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நீரில் அமிழ்ந்தன. நகரில் உயிர்ச்சேதம் பெரிதாயிற்று. பீரங்கிக்கு எதிராகக் கட்டிய மதில் அன்று கடலுக்கு எதிராக நின்றது. உள்ளே இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. பொழுது சாயும் வேளையில் அமைதியாகக் கிடக்கும் அதே கடலைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்பவர் சற்று நேரம் வாய் பேசுவதில்லை. இவ்விடத்தில் வழிகாட்டியும் பேசாதிருப்பதே நன்று.

அந்தி நடையில் இழப்பும் உண்டு, மறைப்பானேன்? அந்நேரத்தில் நூதனசாலைகள் பூட்டியிருக்கும். 1755ஆம் ஆண்டின் ஒல்லாந்தத் தேவாலயத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே காணலாம். அதன் தளத்திற் பதித்த கல்லறைக் கற்களை வாசிக்க மறுநாட் காலை திரும்பி வரவேண்டும். மழைக்காலத்தில் மதிற்புல் வழுக்கும். விளிம்பிற் பல இடங்களிற் கைப்பிடிச்சுவரும் இல்லை. இருட்டுமுன் மதிலைவிட்டு இறங்கிவிடுதல் அறிவுடைமை. எட்டுப் பத்துப் பேருக்கு மேற்பட்ட கூட்டமும் ஆகாது. இருபது பேர் சேர்ந்தால் வழிகாட்டி கத்த வேண்டும். வழிகாட்டி கத்தினால், அத்தெருவிற் பாடம் படிக்கும் பிள்ளை தலையை நிமிர்த்தும்.

இப்போது உணவுக்கு வருவோம். விலையுயர்ந்த ஹோட்டல் மேசையில் எந்த நாட்டிலும் கிடைக்கும் உணவை உண்டு நடையை முடித்தால், அது களைப்புக்கு மருந்தாகுமேயன்றி வேறொன்றும் ஆகாது. கோட்டைவாசி ஒருவரின் வீட்டு முற்றத்திலோ, அவ்வூர்ச் சமையல் செய்யும் சிறு உணவுச்சாலையிலோ அமர்ந்தால், மாலை முழுவதும் காதாற் கேட்டதை நாவினாற் கேட்கலாம். பறங்கியர் வீட்டு லம்பிறைஸை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியற் குழம்பு, பிரிக்கடல் என்னும் இறைச்சியுருண்டை, பிளாச்சான் சம்பல் ஆகியவற்றை வாழையிலையிற் பொதிந்து வாட்டி எடுப்பர். பெயரும் பிரிக்கடலும் ஒல்லாந்து, பிளாச்சான் மலாய் நாடு, கறியும் வாழையிலையும் நம்முடையவை. ஒல்லாந்தக் கம்பனியின் கீழைநாட்டுத் தலைமையகம் பத்தாவியாவில் இருந்தது என்று புத்தகம் கூறுவதை அந்தப் பொதி அவிழ்த்துக் காட்டிவிடும். சோனகர் வீடானால் சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து ஒருங்கே உண்பர். இறுதியில் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்ந்த வட்டிலப்பம் வரும். ஒரே தட்டிற் கைபோடுவது சிலருக்குப் பழக்கமில்லை. முன்கூட்டியே கேட்டு அறிவது வழிகாட்டியின் கடன். சிங்கள வீட்டிலே கொறுக்காய்ப்புளியும் மிளகும் அரைத்துப் பூசி, மண்சட்டியில் நீர் வற்றக் காய்ச்சிய சூரைமீன் கிடைக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் நாட்கணக்கிற் கெடாதிருக்கச் செய்த சமையல் அது. கடலோரத்தார் கண்ட உபாயம், கப்பலுக்கும் உகந்தது.

ஆனால் இந்தச் சமையற்கட்டுகள் எத்தனை நாளைக்கு எரியும் என்பதுதான் கோட்டையின் கவலை. காலித் துறைமுகத்தின் செழிப்பு, கொழும்பிலே 1875இல் அலைதாங்கி கட்டத் தொடங்கியபின் மங்கிற்று. வணிகம் போனது, ஆனால் இடித்துக் கட்டுவதற்குப் பணமும் இல்லாமற் போனதால் பழைய வீடுகள் தப்பின. வறுமை காத்த வீடுகளைச் செல்வம் தேடி வந்தது பிற்காலத்தில். 1988இல் கோட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வெளிநாட்டார் நிலம் வாங்குவதற்கு இருந்த நூறு வீத வரி 2002இல் நீக்கப்பட்டது. 2004இல் மீண்டும் விதிக்கப்படுமுன் பல வீடுகள் கைமாறின. 2014இல் வெளிநாட்டார்க்கு நிலம் விற்பதைச் சட்டம் பெரிதும் கட்டுப்படுத்தியது. ஆயினும் நல்விலை கிடைக்கும்போது உள்நாட்டவருக்கு விற்பதும் விற்பதே. பிள்ளைகள் பலராய்ப் பிரிந்த குடும்பத்துக்கு ஒரு பழைய வீட்டின் கூரையைப் பழுதுபார்ப்பது எளிதன்று. ஓடும் மரமும் பழைய முறைப்படியே இருத்தல் வேண்டும் என்று தொல்பொருட் சட்டம் சொல்லும். அவர்கள் விற்றால் அவர்களைக் குறைகூறுவதற்கு நமக்கு உரிமை இல்லை. வாங்கியவர் அதைச் செம்மையாகப் புதுக்கி விடுதியாக்குகிறார்; சுவர் பிழைக்கிறது, திண்ணைப் பேச்சு பிழைப்பதில்லை.

இந்நிலையில், இராப்போசனத்துக்காக ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் பணம் சிறிதாயினும் பொருளுடையது. மாதத்திற் சில இரவுகள் விருந்தினரை வரவேற்கும் வீடு, கூரை ஓட்டுக்கு ஒரு வழியைக் காண்கிறது. பாட்டியின் கைப்பக்குவத்தைப் பேத்தி கற்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. ஆகவே இத்தகைய நடைக்குப் பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகளை நேயர்கள் தயங்காது கேட்கலாம். வழிகாட்டி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவரா? உணவு யாருடைய அடுப்பிலிருந்து வருகிறது? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை சொல்பவரோடு நடப்பது நலம். வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பதும், கேளாமற் படம் பிடிப்பதும் வேண்டாம். நாம் நடப்பது காட்சிசாலையில் அன்று, அயலாரின் தெருவில்.

உண்டு எழுந்து ஒன்பது மணியளவில் வெளியே வந்தால் தெருக்கள் அடங்கியிருக்கும். பகலிற் கேளாத கடலோசை ஒவ்வொரு சந்தின் முனையிலும் கேட்கும். மதிலுக்கு அப்பாலிருந்து வெளிச்சவீட்டின் ஒளி நீரின்மேற் சுழன்று போகும். வந்த வழியே பழைய வாயிலை நோக்கி நடப்பார்கள். நுழையும்போது ஆங்கிலேயரின் இலச்சினையைக் கண்டவர்கள், வெளியேறும்போது ஒல்லாந்தரின் சேவலைக் காண்பார்கள். வழிகாட்டி தம் கைவிளக்கை ஒருகணம் உயர்த்தி அதன் கொண்டையைக் காட்டிவிட்டு, பஸ் நிலையத்துக்குப் போகிறவர்களையும் விடுதிக்குத் திரும்புகிறவர்களையும் அங்கேயே பிரித்து அனுப்புவார்.