அளவறிந்து நிற்கும் உலோகம்

1866-ஆம் ஆண்டு லண்டனில் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலாளர் ஓர் அற்புதத்தைக் கண்டார். வெள்ளிபோல் மின்னும் பல்லேடியம் என்ற உலோகம், தன் கனஅளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜன் வாயுவைத் தனக்குள் இழுத்து அடக்கிக்கொண்டது. கையில் எடுத்தால் கெட்டியான உலோகம். உள்ளேயோ வாயு குடிபுக இடம்! அணுக்களின் நடுவே இப்படி வழிவிட்டு வைத்த படைப்பின் நுட்பத்தை என்னவென்று போற்றுவது?

இத்தனை ஹைட்ரஜன் வேட்கை கொண்ட உலோகத்திடம்தான் மனிதன் மிக நுணுக்கமான ஒரு பணியை ஒப்படைத்திருக்கிறான். பாலித்தீன் செய்ய எத்திலீன் வேண்டும். நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளை 800 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உடைத்து எத்திலீன் எடுக்கும்போது, சுமார் ஒரு சதவீதம் அசிட்டிலீனும் கூடவே வந்துவிடுகிறது. மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களே, அந்தக் கார்பைடு கல்லிலிருந்து கிளம்பும் அதே வாயு. பாலித்தீன் ஆலையின் வினையூக்கியை அது கெடுத்துவிடும். ஆகவே பத்து லட்சத்தில் சில பங்காக அதைக் குறைத்தாக வேண்டும்.

அசிட்டிலீனோடு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்ந்தால் எத்திலீன். இன்னொன்றும் சேர்ந்துவிட்டால் ஈத்தேன். கைக்கு வந்த எத்திலீன் வீணாகும். சுற்றிலும் எத்திலீன் நிறைந்திருக்க, அதைத் தொடாமல் அசிட்டிலீனை மட்டும் பிடித்து, ஒரே படியோடு நிறுத்த வேண்டும். பல்லேடியம் இதைச் செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதை, அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்த்தால்தான் அறிய முடியும்.

அதற்கும் இயற்கையே ஒரு கண்ணைத் தந்திருக்கிறது. எக்ஸ் கதிரை வீறுடன் விழுங்கத் தொடங்குவதற்கென ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி ஆற்றல்கள் விதிக்கப்பட்டுள்ளன. பல்லேடியத்துக்கு அவற்றுள் ஒன்று சுமார் 24,350 எலெக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலுள்ள கதிர் வினைக்கலத்தின் மெல்லிய சுவரையும் சூடான வாயுவையும் ஊடுருவி உலோகத்தைச் சேரும். அதை விழுங்கிய அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரான், குளத்தில் கல் விழுந்து எழும் அலைபோல் விரிந்து, பக்கத்து அணுக்களில் மோதித் திரும்புகிறது. அந்த அலையின் சுவடு கதிர் விழுங்கப்படும் அளவில் பதிகிறது. அதைக் கணக்கிட்டால் அணுக்களுக்கு இடையிலான தூரம் தெரிந்துவிடும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்களை ஓடவிட்டு இத்தகைய கதிர்களை உண்டாக்குகிறார்கள்.

அந்தக் கதிர்கள் காட்டியது இதுதான். ஹைட்ரஜன் நிறையப் புகுந்தால் பல்லேடிய அணுக்கள் சுமார் 3.5 சதவீதம் விலகி நிற்கின்றன. அப்படி உள்ளே தேங்கிய ஹைட்ரஜன் மேற்பரப்புக்கு வந்தால் வினை எல்லை மீறி ஈத்தேன் வரை ஓடிவிடும். அசிட்டிலீன் வந்ததும் காட்சி மாறுகிறது. அதன் மூலக்கூறுகளில் சில சிதைந்து, அவற்றின் கார்பன் உலோகத்துக்குள் இறங்குகிறது. அதுவும் வரம்பின்றி அல்ல. 100 பல்லேடிய அணுக்களுக்குச் சுமார் 13 கார்பன் அணுக்கள் என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

பெர்லினின் ஃப்ரிட்ஸ் ஹாபர் ஆய்வகத்தினரும் புடாபெஸ்ட் ஆய்வாளர்களும் இணைந்து, அசிட்டிலீனின் குடும்பத்தைச் சேர்ந்த சேர்மங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. எக்ஸ் கதிரால் வெளியேறும் எலெக்ட்ரான்களை அளந்து, மேற்பரப்பை ஒட்டிய அணு அடுக்குகளில் கார்பன் குடியேறியிருப்பதை அவர்கள் கண்டனர். உள்ளிருக்கும் ஹைட்ரஜன் மேலே வராமல் அந்த அடுக்கே தடுக்கிறது. வினை ஒரு படியோடு நிற்கிறது.

தான் மாறாமல் வினையை விரைவுபடுத்துவது வினையூக்கி என்று பள்ளியில் படித்தோம். இங்கே உலோகம் தன்னிடம் வந்த பொருளாலேயே மாறி, அந்த மாற்றத்தால் அடக்கம் பெறுகிறது. தொழிற்சாலையில் வெள்ளியையும் கலந்து மனிதன் இந்த அடக்கத்தை மேம்படுத்துகிறான். ஆனால் அடக்கத்துக்கான வழியை அவன் படைக்கவில்லை. அது அணுவின் இயல்பிலேயே எழுதப்பட்டிருந்தது. அவன் வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

கண்ணுக்கு எட்டாத இடத்திலும் அளவு வைத்தவனை வணங்க, அந்த அளவைக் கற்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. வேதியியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வியப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.