கால்களை விரித்துத் தரையில் உட்காரலாம்! அவசரப்பட்டால் ஆபத்து!

1943-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சினிமாப் படம் வெளிவந்தது. படத்தின் பெயர் "ஸ்டார்மி வெதர்." அதில் அண்ணன், தம்பி இருவர் ஆடிய நடனம் இன்றைக்கும் பேசப்படுகிறது.

அண்ணன் பெயர் பயார்டு நிக்கோலஸ். தம்பி பெயர் ஹெரால்டு நிக்கோலஸ்.

பெரிய பெரிய படிகள் கொண்ட ஒரு படிக்கட்டு. ஒருவர் படியில் கால்களை முன்னும் பின்னுமாக நீட்டி, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் அவருடைய தலைக்கு மேலே தாவுகிறார். தாவியவர் நின்றபடி இறங்குவதில்லை. அவரும் கால்களை விரித்தபடியே அடுத்த படியில் விழுகிறார்! இப்படியே மாறி மாறித் தாவி, கீழே வந்து சேருகிறார்கள். பிறகு கையை ஊன்றாமலே எழுந்து நிற்கிறார்கள்!

இந்தக் காட்சி ஒத்திகை இல்லாமல், ஒரே தடவையில் படமாக்கப்பட்டது என்று பயார்டு பிற்காலத்தில் சொன்னார்.

இத்தனைக்கும் இருவரும் பள்ளிக்கூடம் போய் நடனம் பயின்றவர்கள் அல்ல. அவர்களுடைய தாய் பியானோ வாசிப்பவர். தந்தை டிரம்ஸ் அடிப்பவர். பெற்றோர் வாசித்த நாடகக் கொட்டகையில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். சின்ன வயது முதல் நாள்தோறும் ஆடிப் பழகிய உடம்பு அது.

நமக்கும் வருமா?

இப்படிக் கால் விரிப்பதை ஆங்கிலத்தில் "ஸ்பிளிட்" என்கிறார்கள். யோகாசனத்தில் இதற்கு "ஹனுமானாசனம்" என்று பெயர். அனுமார் கடலைத் தாண்டி இலங்கைக்குப் பாய்ந்தார் அல்லவா? அந்தப் பாய்ச்சலை நினைத்து வைத்த பெயர் இது.

"என்னால் குனிந்து கால் விரலைக்கூடத் தொட முடியவில்லையே, எனக்கு இது வருமா?" என்று கேட்கலாம்.

பலருக்கு வரும். சிலருக்கு எவ்வளவு பழகினாலும் முழுவதும் வராது. இதற்குக் காரணம் சோம்பல் அல்ல, எலும்பின் அமைப்பு.

தொடை எலும்பின் மேல் நுனி பந்துபோல் இருக்கிறது. அது இடுப்பு எலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கிறது. கிண்ணம் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பக்கவாட்டில் கால் விரிக்கும்போது சிலருக்கு எலும்போடு எலும்பு முட்டிவிடும். அதற்கு மேல் எந்தப் பயிற்சியும் செல்லாது.

முன்னும் பின்னுமாக விரிப்பதில் தடை பெரும்பாலும் தசைதான். முன்னால் நீட்டும் காலில் தொடையின் பின்பக்கத் தசை இழுக்கும். பின்னால் நீட்டும் காலில் இடுப்பின் முன்பக்கத் தசை இழுக்கும். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இந்த முன்பக்கத் தசை நீளுவதற்கு வேலையே இருப்பதில்லை.

மூளை போடும் பூட்டு

தசையை நீட்டினால் அது ரப்பர்போல் நாளுக்கு நாள் நீளமாகிவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. முதல் சில வாரங்களில் தசை அதிகமாக மாறுவதில்லை. இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் பழக்கம்தான் கூடுகிறது. முதல் நாள் "போதும், நிறுத்து!" என்று வலியால் எச்சரித்த மூளை, போகப்போக "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று அனுமதி கொடுக்கிறது.

தசைக்குள் காவல்காரன் போன்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை திடீரென்று நீண்டால் அவை உடனே செய்தி அனுப்பும், தசை சுருங்கிக்கொள்ளும். டாக்டர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுகிறதே, அது இந்தக் காவலால்தான்.

அதனால்தான் வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்கிறார்கள். மெதுவாக இறங்கினால் காவல்காரன் சும்மா இருப்பான். குதித்துக் குதித்து அழுத்தினால் விழித்துக்கொள்வான்!

பழகும் முறை

முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். 5 முதல் 10 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். தூங்கி எழுந்ததும் கால் விரிக்க உட்காருவது நல்லதல்ல.

பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னால் வைத்து, இடுப்பை மெல்ல முன்னே தள்ள வேண்டும். பின்காலின் தொடை மேற்புறத்தில் இழுப்பு தெரியும். அடுத்து முன்காலை நீட்டி, முதுகு வளையாமல் குனிய வேண்டும். தொடையின் பின்பக்கம் இழுக்கும்.

ஒவ்வொன்றிலும் 30 விநாடி அசையாமல் இருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. காலுக்கு 2 முதல் 4 தடவை செய்யலாம். வாரத்தில் 2, 3 நாளாவது செய்ய வேண்டும். தினமும் செய்தால் பலன் அதிகம்.

இது பழகிய பிறகு கால் விரிக்கலாம். இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக் கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே தலையணைகளை அடுக்கிக்கொள்ள வேண்டும். நாளாக நாளாகத் தலையணையை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். வழவழப்பான தரையில் காலுறையோடு செய்யக் கூடாது. கால் வழுக்கினால் தசை கிழிந்துவிடும்.

தொடையின் நடுவில் இழுப்பது சரி. உட்காரும் எலும்புக்கு அருகிலோ, முழங்காலுக்குப் பின்னாலோ சுருக்கென்று குத்தினால் உடனே நிறுத்த வேண்டும். "டப்" என்று சத்தம் கேட்டு, வீங்கி, தோல் கறுத்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

பிள்ளைகளை அழுத்தாதீர்கள்!

2017-ம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஒரு வீடியோப் படம் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. ஓர் உயர்நிலைப் பள்ளியின் உற்சாகக் குழுவில் சேர்ந்த மாணவிகளைக் கால் விரிக்க வைக்கிறார்கள். சக மாணவிகள் கைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். பயிற்சியாளர் தோளைப் பிடித்து அழுத்துகிறார். ஒரு மாணவி நிறுத்தச் சொல்லிக் கதறுகிறாள். நிறுத்தவில்லை!

படம் வெளியானதும் அந்தப் பயிற்சியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

இதில் வலி மட்டுமல்ல, வேறு ஓர் ஆபத்தும் இருக்கிறது. வளரும் வயதில் தொடைத் தசை இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் குருத்தெலும்பு இருக்கிறது. அது தசை நாரைவிடப் பலம் குறைந்தது. திடீரென்று இழுத்தால் நார் அறுவதில்லை. எலும்பின் ஒரு துண்டே பெயர்ந்து வந்துவிடும்! ஆறுவதற்கு மாதக்கணக்காகும். சிலருக்கு ஆபரேஷன்கூடத் தேவைப்படும்.

நடனமோ, ஜிம்னாஸ்டிக்கோ, கராத்தேயோ கற்கப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஒரு நாளாவது அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளை தானாக இறங்குகிறதா, யாராவது மேலே ஏறி அழுத்துகிறார்களா என்று கவனிக்க வேண்டும். "வலிக்கிறது" என்று பிள்ளை சொன்னதும் கையை எடுப்பவரே நல்ல வாத்தியார்.

சிலருக்குச் சில வாரங்களிலேயே நல்ல முன்னேற்றம் தெரியும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். முழுவதும் தரையைத் தொடாவிட்டாலும் நஷ்டம் இல்லை. நேற்றுக் குனிய முடியாதவர் இன்று தானே குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டால், அந்தப் பயிற்சி வீண் போகவில்லை!