"காலித் துப்பாக்கிதானே!"

ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்குச் சீருடையும் துப்பாக்கியும் புதிதல்ல. டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ் என்று ஊரே அப்படி! ஆனால் 2021 மார்ச்சில் ஆவடியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித்குமார் ஆறு பதக்கங்களை அள்ளினாலும் அள்ளினார், "என்னையும் சேர்த்து விடும்மா" என்று பிள்ளைகள் நச்சரிக்காத வீடு குறைவு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு பெண் பிள்ளைகளும்தான்.

"ஐயோ, துப்பாக்கியா!" என்று பதறும் அம்மாக்களே, கொஞ்சம் பொறுங்கள். பயப்பட வேண்டியது "காலிதானே" என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

இந்த விளையாட்டில் 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்று ஒரு வகை உண்டு. இதற்கான சர்வதேச அமைப்பு 1976-ல் அமெரிக்காவில் பிறந்தது. நின்ற இடத்தில் நின்று சுடுவதில்லை. ஓடி, திரும்பி, குனிந்து, நேரத்தோடு போட்டி போட்டுச் சுட வேண்டும். பழகியவர்களுக்கும் இதில் ஒரு தவறு நேரும். எப்போது தெரியுமா? சுட்டு முடித்த பிறகு!

முதலில் தோட்டா அடைத்த மேகஸினை உருவ வேண்டும். அப்புறம்தான் துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தங்கிய தோட்டாவை வெளியேற்ற வேண்டும். அவசரத்தில் முறை மாறி, முதலில் இழுத்துவிட்டுப் பிறகு மேகஸினை உருவினால்? உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும். அதன் இடத்தில் மேகஸினிலிருந்து இன்னொன்று சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்! தோட்டா விழுந்ததைக் கண் பார்த்தது, மேகஸின் கையில் இருக்கிறது. காலி என்று மனசு சத்தியமே செய்யும்.

அதனால்தான் கடைசியில் நடுவர் முன்னால், துப்பாக்கியை மண்மேட்டுக்கு நேரே பிடித்து விசையை ஒரு தரம் இழுத்துக் காட்டச் சொல்கிறார்கள். அது வெடித்துவிட்டால் குண்டு மண்ணில் புதையும். யாருக்கும் கீறல்கூட இருக்காது. ஆனாலும் ஆள் போட்டியிலிருந்தே வெளியே! துப்பாக்கி கைநழுவினாலும், ஓடும்போது விரல் விசைமேல் இருந்தாலும் இதே கதிதான். "ரொம்பக் கடுமையாச்சே" என்கிறீர்களா? குழல் மண்மேட்டைப் பார்த்திருந்ததால் அல்லவா உயிர் தப்பியது! அடுப்புக் குமிழைத் திருப்ப மறந்தாலும் சிலிண்டர் மூடியிருந்த மாதிரி.

அந்த இரண்டாவது பூட்டும் தவறினால் என்ன ஆகும் என்பதை நார்த்தாமலையில் பார்த்தோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த ஊருக்கு அருகே, 2021 டிசம்பர் 30 அன்று மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் சுடும் பயிற்சி. சுடுதளத்துக்கு வெளியே, வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் போய்விட்டான். சின்ன .22 துப்பாக்கியின் குண்டே ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டிப் பாயக்கூடியதாம்!

ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடோ சுவரோ இருக்கிறதா? சும்மா இருக்கும் துப்பாக்கிக் குழலில் பளிச்சென்று ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கிறதா? ஒருவர் இலக்கைப் பார்க்க முன்னே போகும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடாமல் நிற்கிறார்களா? பயிற்சியாளர் சிரித்துப் பேசுகிறாரா என்பதெல்லாம் அப்புறம்.

வீட்டில் ஏர் கன் இருந்தால் பூட்டி வையுங்கள். குண்டுகள் வேறு அலமாரியில். விளையாட்டுச் சாமானல்ல, கண்ணைப் பறித்துவிடும்.

இன்னொன்று. குண்டுகளில் ஈயம் இருக்கிறது. பயிற்சி முடிந்து சோப்புப் போட்டுக் கைகழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். போட்டிருந்த சட்டையையும் தனியே துவைத்துவிடுங்கள்.