அச்சுக்கூடம் முதல் உரையாடு செயலி வரை

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ் அச்சுக்கூடத்திற்குள் நுழைந்திருந்தால், ஈய எழுத்துகள் நிறைந்த மரப்பெட்டிகளின் முன் அச்சுக்கோப்பாளர்கள் நின்று வேலை செய்வதைக் கண்டிருக்கலாம். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைக் கோக்க வேண்டுமென்றால், மூன்று எழுத்துகளையும் அவற்றுக்குரிய அறைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். இடவலம் மாறியிருக்கும் எழுத்துகளைப் படிக்கவும் கண் பழகியிருக்க வேண்டும். பல ஆண்டுப் பயிற்சியால் கைவந்த அந்தத் திறனுக்கு, கணினி வந்த பிறகு தேவை இல்லாமல் போயிற்று. சிலர் கணினியில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டு அதே தொழிலில் நீடித்தனர். சிலர் வேறு வேலை தேடிச் சென்றனர். ஆனால், எழுதும் பணி மட்டும் மனிதரிடமே இருந்தது.

இன்று எழுதும் பணியையே இயந்திரம் செய்யத் தொடங்கியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘சாட்ஜிபிடி’யைப் பொதுமக்களின் பயன்பாட்டிற்கு வெளியிட்டது. ‘சாட்பாட்’ எனப்படும் இத்தகைய உரையாடு செயலிகள் கடிதம் எழுதுகின்றன, நீண்ட அறிக்கையைச் சுருக்குகின்றன, மொழிபெயர்க்கின்றன, கதையும் புனைகின்றன. முன்பு வந்த இயந்திரங்கள் பெரும்பாலும் உடலுழைப்பைக் குறைத்தன. இவையோ படித்தவர்கள் மேசை முன் அமர்ந்து செய்யும் பணிகளைத் தொடுகின்றன. எனவே, இன்னும் சில ஆண்டுகளில் வேலைக்குச் செல்லவிருக்கும் உங்களுக்கு இதைப் பற்றிய தெளிவு அவசியம்.

உரையாடு செயலி எவ்வாறு செயல்படுகிறது? நூல்கள், கட்டுரைகள், இணையப் பக்கங்கள் எனக் கோடிக்கணக்கான வாக்கியங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி அளிக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதை அது அவற்றிலிருந்து கணித்துக்கொள்கிறது. நாம் கேள்வி கேட்டதும், பொருத்தமாக வரக்கூடிய அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுத்து, சொல்லுக்குப்பின் சொல்லாக விடையை உருவாக்குகிறது. விடை சரளமாக இருப்பதற்கு இதுவே காரணம். சில வேளைகளில் அது தவறாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஏனெனில், பொருத்தமாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது.

இந்த வேறுபாட்டை மறந்ததன் விளைவை 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் காண முடிந்தது. வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் முன்மாதிரியாகக் காட்டப்பட்ட சில வழக்குகள் நடந்தவையே அல்ல; அவை உரையாடு செயலி புனைந்தவை. நீதிபதி 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தார். அபராதம் கட்ட வேண்டியவர்கள் மனிதர்களே. கருவி தவறு செய்தாலும் பொறுப்பு அதைப் பயன்படுத்தியவரையே சேரும்.

அப்படியானால், வேலைகள் பறிபோய்விடுமா? ஒரு வேலை என்பது பல பணிகளின் தொகுப்பு. வாடிக்கையாளர் சேவை ஊழியரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான கேள்விகளுக்கு விடை சொல்வது ஒரு பணி. கோபத்துடன் பேசுபவரை அமைதிப்படுத்துவதும், விதிமுறையில் இல்லாத சிக்கலுக்கு வழி காண்பதும் வேறு பணிகள். முதல் வகைப் பணி செயலிக்கு எளிது, மற்றவை கடினம். ஆகவே, பல வேலைகள் முழுவதுமாக மறைவதைவிட, அவற்றின் உள்ளடக்கம் மாறுவதற்கே வாய்ப்பு அதிகம். எனினும், எளிய பணிகளை மட்டுமே கொண்ட வேலைகளுக்கு ஆபத்து உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதைப் பற்றி 5,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. செயலியின் துணையுடன் அவர்கள் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த சிக்கல்கள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. அனுபவம் குறைந்தவர்களிடம் இந்த உயர்வு 34 விழுக்காடாக இருந்தது. அனுபவசாலிகளிடம் பெரிய மாற்றம் இல்லை. திறன்மிக்க ஊழியர்களின் அணுகுமுறையைச் செயலி கற்றுக்கொண்டு, புதியவர்களுக்கு வழங்கியதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இது நல்ல செய்திதான். ஆனால், இதற்குள் ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் கூட்டக் குறிப்பு எழுதுதல், கடிதம் வரைதல் போன்ற எளிய பணிகளையே கொடுப்பார்கள். அவற்றைச் செய்து, தவறி, திருத்திக்கொண்டுதான் அவர் அனுபவசாலியாகிறார். அந்தப் பணிகளை எல்லாம் செயலியே செய்துவிட்டால், ஏணியின் கீழ்ப்படிகள் காணாமல் போய்விடும். கீழ்ப்படி இல்லாத ஏணியில் எப்படி ஏறுவது? நிறுவனங்கள் இதற்கு விடை கண்டாக வேண்டும்.

படைப்புத்துறையில் இந்தக் கவலை போராட்டமாகவே வெடித்தது. 2023ஆம் ஆண்டு அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் கோரிக்கைகளுள் செயற்கை நுண்ணறிவைப் பற்றியதும் ஒன்று. எழுத்தாளரைச் செயலியைப் பயன்படுத்துமாறு நிறுவனம் கட்டாயப்படுத்தக்கூடாது. செயலி எழுதியதை எழுத்தாளரிடம் கொடுத்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் உடன்பாட்டில் இடம்பெற்றன.  செயலியை எவ்வாறு பயன்படுத்துவது என்பதில் தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று எழுத்தாளர்கள் கோரினர்.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட சிங்கப்பூரில் மொழிபெயர்ப்பு அன்றாடத் தேவை. ‘ஏஐ சிங்கப்பூர்’ உருவாக்கிய ‘சீ-லயன்’ மொழி மாதிரியில் தென்கிழக்காசிய மொழிகளுடன் தமிழும் இடம்பெற்றுள்ளது. ஆயினும், ஆங்கிலக் கடிதத்தில் உள்ள ‘யூ’ என்பது தமிழில் ‘நீ’யா, ‘நீங்களா’? ‘அங்கிள்’ என்பவர் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? மருந்தகத்திலிருந்து எழுபது வயது பாட்டிக்கு வரும் கடிதம் அவரை ‘நீ’ என்று அழைத்தால், இலக்கணப் பிழை இல்லாவிட்டாலும் அது பிழையே. கடிதம் யாருக்குப் போகிறது என்பதை அறிந்த ஒருவர் அதைப் படித்துப் பார்த்தால்தான் அந்தப் பிழை தெரியும். அவருக்கு நல்ல தமிழ் தெரிந்திருக்கவும் வேண்டும்.

ஆகவே, நாம் செய்ய வேண்டியது என்ன? பணியில் இருப்பவர்கள் புதிய திறன்களைக் கற்க ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ போன்ற திட்டங்கள் உள்ளன. மாணவர்களாகிய நீங்கள் செயலியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், அதன் விடையைச் சரிபார்க்கும் அறிவை முதலில் பெறுங்கள். கட்டுரையைச் செயலியிடம் எழுத வாங்கினால், மதிப்பெண் கிடைக்கலாம். எழுதும்போது நடக்க வேண்டிய சிந்தனைப் பயிற்சி கிடைக்காது. தானே எழுதிப் பழகாதவருக்குப் பிறர் எழுத்தின் குறை கண்ணில் படாது.

அச்சுக்கூடத்தின் மரப்பெட்டிகள் மறைந்துவிட்டன. ஆனால், பக்கத்தைப் பார்த்தவுடன் பிழையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்குக் கணினி வந்த பின்னும் வேலை இருந்தது. உரையாடு செயலி வந்த பின்னும் வேலை இருக்கிறது. கருவிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கண்ணை வளர்த்துக்கொள்வதே உங்கள் கையில் உள்ளது.